கோலின் கதை – 11: சேர்த்த கைக்கு என்ன உரிமை?

போன இதழில் ஹைரம் லெனார்டைப் பூட்டிய அறையோடு விட்டுவிட்டு வந்தோம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரில், 1870-களில், மூங்கிலைப் பிளந்து ஒவ்வொரு கீற்றையும் 60 டிகிரி முக்கோணமாகச் சீவித் தள்ளும் எந்திரத்தை வைத்திருந்தவர் அவர். ஆறு கீற்றுகளையும் வஜ்ஜிரம் போட்டு ஒட்டினால் அறுகோணத் தூண்டில் கோல். எந்திரம் இருந்த அறைக்கு எப்போதும் பூட்டு. வேலைக்காரர்களிலேயே நம்பிக்கையான ஓரிருவரைத் தவிர மற்றவர்கள் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

காப்புரிமை என்றால் என்னவென்று தெரியாத ஆளில்லை லெனார்ட். கோலின் துண்டுகளை ஒன்றோடொன்று செருகும் பூணுக்கு 1875-லும் 1878-லும் உரிமை வாங்கியிருந்தார். பூணுக்கு வாங்கியவர் எந்திரத்துக்கு ஏன் வாங்கவில்லை? பூண் கடையில் விற்கிற சரக்கு. எவனும் ஒரு கோலை வாங்கிக் கழற்றிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அதற்கு அரசாங்கத்தின் காவல் வேண்டும். எந்திரம் அப்படியல்ல. அதற்கு உரிமை கேட்டால் படம் வரைந்து, பாகம் பாகமாக விளக்கி, ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி 17 ஆண்டு கழிந்தால் அது யாருக்கும் சொந்தம். கண்ணில் படுவதற்குக் காப்புரிமை, கண்ணில் படாததற்குப் பூட்டு. கோல் செய்கிறவர்கள் இன்றைக்கும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறார்கள்.

பூட்டு என்னவோ அதிக நாள் தாங்கவில்லை. அறைக்குள் போய்வந்த கைகளுக்குக் கால்கள் உண்டல்லவா? லெனார்டிடம் வேலை பார்த்த தாமஸ், எட்வர்ட்ஸ், பெய்ன் ஆகியோர் வெளியேறித் தாங்களே கோல் செய்ய ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் அறையில் இருந்த ரகசியம் நாலைந்து பட்டறைகளின் தொழிலாகிவிட்டது.

அந்த மூங்கில் எங்கிருந்து போனது என்பது நமக்கு முக்கியம். லெனார்ட் காலத்தில் அமெரிக்கக் கோல்காரர்கள் நம்பியிருந்தது கல்கத்தா துறைமுகம் வழியாகப் போன இந்திய மூங்கிலைத்தான். வியாபாரத்தில் அதற்குப் பெயரே கல்கத்தா மூங்கில். நெருப்பில் வாட்டிய கறுப்புத் தழும்புகள் அதன் மேல் திட்டுத் திட்டாக இருக்கும். பழைய கோல்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் காலத்தைச் சொல்கிறார்கள். 1900 வாக்கில் தென்சீனத்து டான்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதுவரை இங்கிருந்து கழியாகப் போனது, அங்கே கீற்றாகி, கோலாகி, லண்டன் கடைகளின் வழியாக வெள்ளைக்கார அதிகாரிகளின் பெட்டியில் இந்தியாவுக்கே திரும்பியது.

அந்த அதிகாரிகளில் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவரைத் தமிழ்நாடு மறந்திருக்கக் கூடாது. சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர். 1873-ல் மங்களூரில் அச்சான இவருடைய ‘தி ராட் இன் இந்தியா’ இந்தியத் தூண்டில்காரர்களின் வேதப் புத்தகம். ஆற்று மீனோடு நிற்காமல், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்று இன்னொரு புத்தகமும் எழுதினார். ஏரியும் குளமும் என்றால் அது நம் சீமை. மாடக்குளம், வண்டியூர், மேலூர் வட்டாரத்துக் கண்மாய்கள் என்று மதுரையைச் சுற்றி நீர் நிற்கிற இடமெல்லாம் கையில் கழியோடு ஆள் உட்கார்ந்திருப்பான்.

அந்தக் கழியையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். ஆளுயரத்துக்குக் குறையாத மூங்கில் குச்சி, நுனியில் தங்கூசி நரம்பு, நடுவில் தக்கை, கடைசியில் மண்புழு கோத்த முள். கோடையில் கண்மாய் வற்றி, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசி மீன்பிடித் திருவிழாவைத் தொடங்கிவைத்தால் குச்சிக்கு வேலை கிடையாது. ஊத்தா, கச்சா, வலை என்று ஊரே இறங்கிவிடும். மற்ற நாட்களில் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அந்தக் குச்சி போதும். விரால் இழுத்தால்தான் சோதனை. குச்சி வளைந்து கொடுக்க வேண்டும், வளைந்த வேகத்தில் நிமிரவும் வேண்டும். மூங்கிலுக்குள் இயற்கையே இதற்கான ஏற்பாட்டைச் செய்துவைத்திருக்கிறது. நீளவாக்கில் ஓடும் வலுவான நார், அந்த நார்களைப் பிடித்துக்கொள்ளும் சதை. நார் வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உள்ளே போகப் போகக் கலைவாகவும் இருக்கும். பொறியாளர்கள் இப்போது கூட்டுப்பொருள் என்று சொல்வது இதைத்தான். மூங்கிலுக்கு யாரும் காப்புரிமை கேட்க முடியாது. மனிதன் இதே ஏற்பாட்டைத் தானே செய்ய ஆரம்பித்ததும்தான் வழக்குக்கு வழி பிறந்தது.

1944 கோடையில் ஆர்தர் ஹோவால்ட் என்பவர் மிச்சிகனில் மீன் பிடிக்கப் போயிருந்தார். அவருடைய மூங்கில் கோலின் நுனி ஒடிந்தது. போர்க்காலம், மாற்று நுனி கிடைக்கவில்லை. வேறொருவராக இருந்தால் விடுமுறையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். இவரோ ஒஹாயோவின் டொலீடோ நகரில் பிளாஸ்கான் என்ற பிசின் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர். கண்ணாடியை மயிரிழையாக இழுத்து நாராக்கும் தொழில் அதே மாநிலத்தில் 1930-களில் வளர்ந்திருந்தது. அந்த நாரைப் பிசினில் ஊறவைத்து இறுகச் செய்தால் கெட்டியான பலகை கிடைக்கும் என்பதைப் போர் விமானத் தொழிற்சாலைகள் கண்டுகொண்டிருந்தன. ஹோவால்ட் அதே நாரையும் பிசினையும் எடுத்து, பால்சா மரக்குச்சி ஒன்றைச் சுற்றி நீளவாக்கில் அடுக்கி ஒரு நுனி செய்துகொண்டார்.

மிச்சிகனில் கலமசூ நகரத்து ஷேக்ஸ்பியர் கம்பெனி இதைப் பிடித்துக்கொண்டது. (நாடகாசிரியருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தூண்டில் உருளை செய்து பெயர் வாங்கிய வில்லியம் ஷேக்ஸ்பியர் என்ற இன்னொருவரின் கம்பெனி.) 1947 வாக்கில் ‘வொண்டர்ராடு’ கடைக்கு வந்தது. 1951-ல் ஹோவால்டின் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

அந்த உரிமை எதற்கு? கண்ணாடி நார் பழையது. பிசின் பழையது. கோல் ஆதிகாலத்தது. மூன்றையும் சேர்ப்பது ஒரு கண்டுபிடிப்பா? இந்தத் தொடரில் இனி வரப்போகும் எல்லா வழக்குகளுக்கும் தாய்க் கேள்வி இதுதான். ஹோவால்டின் முறையைக் கிட்டத்தில் பார்த்தால் பதில் தென்படும். நுனி சிறுத்த இரும்பு அச்சுக்கம்பி ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அதன்மேல் முதலில் கண்ணாடி நாரைச் சுருள் சுருளாகச் சுற்றுகிறார்கள். அதற்கு மேல் ஆயிரக்கணக்கான நார்களைக் கோலின் நீளத்துக்கு இணையாகப் படுக்க வைக்கிறார்கள். மேலே செலோபேன் நாடாவை இறுக்கிச் சுற்றிச் சூளையில் வேகவைத்து, அச்சுக்கம்பியை உருவிவிட்டால் உள்ளே கூடான குழல். மீன் இழுக்கும்போது வளைவின் முழுச் சுமையையும் தாங்குவது நீளவாக்கு நார். ஆனால் வெறும் நீளவாக்கு நார் மட்டும் இருந்தால் குழல் வளையும்போது நசுங்கித் தட்டையாகி, பிளந்துகொள்ளும். உள்ளே இருக்கும் சுருள் அதை வட்டமாகவே நிறுத்துகிறது. எந்த நார் எந்தத் திசையில், எது உள்ளே, எது வெளியே என்பதில்தான் உரிமை இருந்தது. பொருளில் இல்லை, அடுக்கில்.

அடுக்கில்தான் உரிமை என்றால் வேறு அடுக்குப் போட்டால் தப்பிக்கலாம். கலிபோர்னியாவில் கிளென் ஹேவன்ஸ் என்ற விஞ்ஞானி கிட்டத்தட்ட அதே காலத்தில் வேறு வழியில் போனார். கண்ணாடி நாரைத் துணியாக நெய்து, பிசினில் நனைத்து, கோணமாக வெட்டி, அச்சுக்கம்பியின் மேல் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினார். இதில் நீளவாக்கு நாரும் குறுக்கு நாரும் துணியிலேயே வந்துவிடும். விலையும் குறைவு, வேலையும் வேகம். இன்றைக்கு உலகத்தில் விற்கும் கோல்களில் பெரும்பாலானவை, கண்ணாடி போய்க் கார்பன் வந்த பிறகும், இந்தச் சுருட்டு வழியில்தான் பிறக்கின்றன. ஷேக்ஸ்பியர் கம்பெனி கட்டிய வேலி நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் காட்டில் பாதை போட்டுவிட்டார்கள்.

மூங்கில்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வெர்மான்ட் மாநிலத்து ஆர்விஸ் கம்பெனி, மூங்கிலைப் பேக்கலைட் வகைப் பிசினில் ஊறவைத்துத் தண்ணீரும் பூச்சியும் அணுகாத கோல் செய்து 1950-ல் காப்புரிமை வாங்கியது. மூங்கிலின் நார், மனிதனின் பிசின். அதே ஆண்டு டிசம்பரில் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனாவுடன் வியாபாரத்தை முழுவதுமாக நிறுத்தியது. டான்கின் மூங்கில் வரத்து நின்றுபோனது. கண்ணாடிக் கோல் சந்தையைப் பிடித்ததற்கு அதன் தரமும் விலையும் காரணம் என்பார்கள். சரிதான். ஆனால் எதிராளிக்கு மூங்கிலே வராமல் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனிக் கார்பன். 1959-ல் ஒசாகா அரசுத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் அகியோ ஷிண்டோ, கம்பளிச் சட்டைக்கு மாற்றாக அப்போது வந்துகொண்டிருந்த அக்ரிலிக் நூலின் வகையைச் சேர்ந்த பாலி அக்ரிலோநைட்ரைல் நாரைச் சுட்டுக் கார்பன் நார் எடுத்தார். 1964-ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் வாட், லெஸ்லி பிலிப்ஸ், ஜான்சன் மூவரும் அதே வகை நாரைச் சுட்டு, அதைவிடப் பல மடங்கு விறைப்பான நார் எடுத்து உரிமை கேட்டார்கள். மூலப்பொருள் ஒன்று, உலையும் ஏறக்குறைய ஒன்று. சூடு ஏறும்போது நார் சுருங்கப் பார்க்கும். ஷிண்டோ சுருங்க விட்டார். ஃபார்ன்பரோகாரர்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டே சுட்டார்கள். உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் நீளவாக்கில் வரிசை பிடித்து நின்றன. அந்த ‘இழுத்துப் பிடித்தல்’தான் பிரிட்டிஷ் காப்புரிமையின் உயிர்.

கண்ணாடி நாரைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பு, எடையோ மூன்றில் இரண்டு பங்குதான். தூண்டில்காரனுக்கு இது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அரசு கோர்ட்டால்ட்ஸ், மார்கனைட், ரோல்ஸ்ராய்ஸ் என்ற மூன்று கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. ரோல்ஸ்ராய்ஸ் தன் புதிய விமான எந்திரத்தின் முன்விசிறிக்கே கார்பன் இதழ் போட்டுப் பார்த்தது. எந்திரத்துக்குள் பறவை மோதினால் தாங்குமா என்ற சோதனையில் இதழ்கள் சிதறின. 1971 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியே திவாலாகி அரசு கைக்குப் போனது. கார்பன் மட்டும் காரணமில்லை என்றாலும், கண்டுபிடித்த நாட்டின் உற்சாகம் அதோடு பாதி அடங்கிவிட்டது.

ஜப்பானில் நடந்தது வேறு. டோரே என்ற நூல் கம்பெனி 1970-ல் ஷிண்டோவின் உரிமத்தை வாங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவின் யூனியன் கார்பைடுடன் ஒரு பண்டமாற்றும் செய்துகொண்டது: எங்கள் நார் நுட்பம் உனக்கு, உன் சுடும் நுட்பம் எங்களுக்கு. கோர்ட்டுக்குப் போயிருந்தால் பத்து ஆண்டு ஓடியிருக்கும். 1971-ல் டோரே உற்பத்தியைத் தொடங்கியது. விமானக்காரர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சரக்கை யாருக்கு விற்பது? 1972-ல் ஒலிம்பிக் என்ற ஜப்பானியக் கம்பெனி அயு மீன் பிடிக்கும் நீளக் கோலைக் கார்பனில் கொண்டுவந்தது. அந்த வகைக் கோல் எட்டு, ஒன்பது மீட்டர்கூட இருக்கும், நாள் முழுக்கக் கையில் ஏந்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு கிராமுக்கும் காசு கொடுக்க அங்கே ஆள் இருந்தான். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஃபென்விக் கம்பெனியின் கார்பன் கோல் வந்தது. கோல்ஃப் மட்டையும் டென்னிஸ் ராக்கெட்டும் பின்னாலேயே வந்தன. இன்றைய போயிங், ஏர்பஸ் விமானங்களின் உடம்பிலும் இறக்கையிலும் இருக்கும் நாரின் ஆரம்பகாலச் செலவை, விடுமுறை நாளில் ஆற்றங்கரையில் நின்றவர்கள் கொடுத்தார்கள் என்று நான் சொன்னால் விமானப் பொறியாளர்கள் முகம் சுளிப்பார்கள். கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

நம் நாட்டில் கூட்டுப்பொருள் தூண்டில் வழியாக வரவில்லை, ராக்கெட் வழியாக வந்தது. ராமேசுவரத்து அப்துல் கலாம் தும்பாவில் இருந்த காலத்திலேயே நாரும் பிசினும் சேர்ந்த பொருள்களில் வேலை செய்தவர். பின்னாளில் அக்னி ஏவுகணைக்காகச் செய்த இலகுவான பொருளை ஹைதராபாத்தின் நிம்ஸ் மருத்துவமனை டாக்டர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்ததும், போலியோ பாதித்த குழந்தைகள் காலில் கட்டிக்கொண்டு நடந்த மூன்று கிலோ இரும்பு 300 கிராமாகச் சுருங்கியதும் பலருக்குத் தெரிந்த கதை.

வழக்குக்கு வருவோம். ஹோவால்டின் உரிமை 1960-களின் கடைசியில் காலாவதியாகிவிட்டது. ஷேக்ஸ்பியர் கம்பெனி தென் கரோலினாவுக்கு இடம் மாறி, 1976-ல் ‘அக்ளி ஸ்டிக்’ என்ற கோலைக் கொண்டுவந்தது. பெயர்தான் அவலட்சணம். விற்பனை லட்சணமாக நடந்தது. உள்ளே கார்பன், வெளியே கண்ணாடி, நுனியில் மட்டும் கூடில்லாத கெட்டிக் கண்ணாடி நார். கோலின் உடம்பு கறுப்பு. நுனிக்குச் சாயம் பூசாமல் விட்டதால் அது வெள்ளை கலந்த கண்ணாடி நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருக்கும். கடையில் தூரத்தில் இருந்து பார்த்தாலே அடையாளம் தெரியும். கம்பெனி அந்த நுனியின் தோற்றத்தையே வணிகக் குறியாகப் பதிவு செய்துவிட்டது. இதில் இருக்கும் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. வணிகக் குறிக்கு, புதுப்பித்துக்கொண்டே இருந்தால், சாவே கிடையாது.

சில்ஸ்டார் என்ற தென்கொரியக் கம்பெனியின் அமெரிக்கக் கிளை அதேபோல் கறுப்பு உடம்பும் தெளிந்த நுனியும் உள்ள கோலை விற்றது. வழக்கு வந்தது. சில்ஸ்டாரின் வாதம் நேரானது: கண்ணாடி நாரின் இயல்பான நிறமே அதுதான், கண்ணாடி நார் நுனி என்று காட்டுவதற்கு அதை அப்படியே விடுகிறோம், இதில் யாருக்கு என்ன தனி உரிமை? 1992-ல் கீழ்க்கோர்ட்டு, அந்த நுனி அலங்காரமில்லை, அதற்கு ஒரு வேலை இருக்கிறது, எனவே குறி செல்லாது என்று பதிவையே ரத்து செய்தது. 1993-ல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஐந்து ஆண்டு கடந்த பதிவை இந்தக் காரணத்துக்காக ரத்து செய்யச் சட்டத்தில் இடமில்லை என்றது. வழக்கு திரும்பக் கீழே போய், திரும்ப மேலே வந்து, 1997-ல் முடிந்தது. குறி ஷேக்ஸ்பியருடையது, இருக்கட்டும். ஆனால் தன் சரக்கின் தன்மையைக் காட்டத் தெளிந்த நுனியைச் சில்ஸ்டார் நேர்மையாகப் பயன்படுத்தியதில் தவறில்லை. பதிவு பிழைத்தது, தடை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு ஆகும் அம்சத்தைக் குறியாகப் பதிந்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் ரத்து கேட்கலாம் என்று எழுதிவிட்டது.

எனக்கு 1992 தீர்ப்புதான் சரியென்று படுகிறது. ஒரு பொருள் இயற்கையாக எப்படித் தெரியுமோ அதை ஒருவர் பெயரில் எழுதிவைத்தால், காலாவதியான காப்புரிமை பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

இங்கே, நம் கோர்ட்டுகளில் இந்தத் தாய்க் கேள்வி எப்படிப் பேசப்பட்டது? தூண்டில் கோலுக்காக யாரும் சென்னை உயர் நீதிமன்றப் படி ஏறிய வழக்கு எதுவும் சொல்ல என்னிடம் இல்லை. ஆனால் கேள்வி அதேதான். நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கையின் மேல் எழுந்தது 1970-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம். 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவு சேர்ப்புக்காரர்களை வாசலிலேயே நிறுத்துகிறது. வெறும் கலவையாக இருந்து, தனித்தனிக் குணங்களின் கூட்டல் மட்டுமே கிடைக்கிறது என்றால் கண்டுபிடிப்பாகாது. தெரிந்த சாதனங்களை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால் அதுவும் ஆகாது. ஹோவால்டின் கோல் இந்த வாசலைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். சுருள் நார் இல்லாமல் நீளவாக்கு நாருக்கு ஆயுசு இல்லை, இரண்டும் சேர்ந்தால்தான் குழல் நிற்கிறது.

1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன மிர்ஸாபூர்ப் பாத்திரக்காரர்கள், பழைய சட்டத்தின் கீழேயே, தாண்டவில்லை. கடைசல் எந்திரத்தில் பாத்திரத்தை அசையாமல் பிடிக்கும் ஒரு ஏற்பாட்டுக்கு உரிமை வாங்கி வைத்திருந்தார்கள். பழைய எந்திரத்தில் ஒரு பட்டறைக்காரர் செய்யக்கூடிய சில்லறை மாற்றத்துக்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்று உரிமையை ரத்து செய்தது நீதிமன்றம். பழையவற்றின் சேர்க்கை கண்டுபிடிப்பாக வேண்டுமென்றால் பட்டறைச் சாமர்த்தியத்தைவிட ஒரு படி மேலே போக வேண்டும் என்ற அளவுகோல் அங்கிருந்து வந்தது.

அந்த அளவுகோலோடு மதுரைச் சம்பந்தமுள்ள ஒரு பெரிய சண்டைக்கு வரலாம். 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் மோட்டார்சைக்கிள் கம்பெனி, 2007-ல் ‘ஃபிளேம்’ என்ற 125 சிசி வண்டியை அறிவித்தது. ஒரே சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக். சின்ன எந்திரத்தில் இரட்டைப் பிளக் வைப்பது எங்கள் உரிமை என்று பஜாஜ் கொடி பிடித்தது. அதனிடம் 2002-ல் விண்ணப்பித்து 2005-ல் பெற்ற காப்புரிமை இருந்தது. இரட்டைப் பிளக் ஹோண்டா காலத்திலேயே உள்ளது, எங்கள் எந்திரத்தில் மூன்று வால்வு, அமைப்பே வேறு என்றது டி.வி.எஸ். 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை போட்டார். கம்பெனி ஒற்றைப் பிளக்கோடு வண்டியை விற்க வேண்டியதாயிற்று. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வண்டியை விற்கலாம், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இப்படிப்பட்ட வழக்குகளை நாள்தோறும் விசாரித்துச் சீக்கிரம் முடியுங்கள் என்றது. சீக்கிரம் என்றால் கோர்ட்டு பாஷையில் எவ்வளவு என்பது 2019-ல் தெரிந்தது. அந்த ஆண்டுதான் இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் பேசிச் சமாதானம் செய்துகொண்டன. அதற்குள் ஃபிளேம் அணைந்து பல வருடம் ஆகியிருந்தது.

இதே மதுரையில் சண்டையில்லாமல் முடிந்த ஒரு கூட்டுப்பொருள் உரிமையும் உண்டு. திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், தூக்கியெறிந்த பிளாஸ்டிக் பைகளைத் தார் சாலைக்குள் கொண்டுபோகும் வழியை 2001 வாக்கில் கண்டார். பிளாஸ்டிக்கைத் தாரில் கலந்து பார்த்தவர்கள் முன்பே உண்டு. இவர் வரிசையை மாற்றினார். ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, துருவிய பிளாஸ்டிக்கை முதலில் அதன்மேல் தூவினார். அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படர்கிறது. அதற்குப் பிறகுதான் தார். பிளாஸ்டிக் தோல் போர்த்திய கல்லுக்குள் தண்ணீர் இறங்காது, தாரும் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். கல், பிளாஸ்டிக், தார் மூன்றும் பழையவை. எதை எதற்கு முன்னால் சேர்ப்பது என்பதில் இருந்தது புதுமை, ஹோவால்ட் நாரை அடுக்கியதைப் போலவே. 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. வெளிநாட்டில் இருந்து விலை பேசி வந்தவர்களுக்குக் கொடுக்காமல், நம் அரசு இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்றார் பேராசிரியர். ஒரு கிலோமீட்டர் ஒற்றை வழிச் சாலை ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக்கை விழுங்கும். 2015-ல் மத்திய அரசு, ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

கோல்களில் இன்னும் ஒரு வகை பாக்கி: கையில் பிடித்துத் தாண்டுகிற கோல். கலிபோர்னியாவில் சிலாஃப்ளெக்ஸ் தூண்டில் கோல் செய்த அதே பட்டறையில்தான் ஹெர்ப் ஜெங்க்ஸ் கண்ணாடி நாரில் தாண்டுகம்பம் சுருட்டினார். 1896 முதல் 1968 வரை ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் கம்பம் தாண்டும் தங்கம் அமெரிக்காவுக்கே போனது. 1972 முனிச்சில் பாப் சீக்ரன் கொண்டுவந்த புதுக் கம்பத்தில் கார்பன் நார் இருப்பதாகச் சந்தேகப்பட்டுத் தடை விதித்தார்கள், பிறகு நீக்கினார்கள், போட்டிக்கு முன் திரும்பவும் பிடுங்கிக்கொண்டார்கள். பழகாத கம்பத்தோடு 5.40 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கிய சீக்ரன், மைதானத்திலேயே அந்தக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் அட்ரியான் பாலன் கையில் திணித்துவிட்டு நடந்தார். பிடுங்கிய கம்பத்தில் கார்பன் நார் உண்மையிலேயே இருந்ததா என்பதில் இருந்து அடுத்த இதழில் தொடங்குவோம்.

(தொடரும்)